வீட்டு விலங்கு

திருடனுக்குக்கூடவா கண் இல்லாமல் போகும்?

வான்மதி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. காலியாகக் கிடந்த லாயத்தின் முன்னால் நின்று மனசுக்குள்தான் கேட்டுக்கொண்டாள். பக்கத்து லாயத்தில் பந்தயத்தில் ஓடிய செம்பழுப்புக் குதிரை ஒன்று, எண்ணெய் தேய்த்தாற்போல் மினுமினுத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தது. அதை விட்டுவிட்டு, ஒரு கண் தெரியாத, விலா எலும்பைச் சதை இன்னும் சரியாக மூடாத கிழட்டு வெள்ளைக் குதிரையை எவன் ஓட்டிக்கொண்டு போவான்?

1998 அக்டோபர், சனிக்கிழமை, காலை எட்டு மணி. அவள் குடியிருக்கும் வெஸ்ட் வின்ட்சரிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது டோனாவின் பண்ணை. கால்நடை ஏலங்களுக்குப் போய், கறிக்கு வாங்குகிறவர்களோடு போட்டி போட்டுக் குதிரைகளை மீட்டுக்கொண்டு வருவது டோனாவின் வேலை. வாரநாட்களில் மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் வான்மதி, வாரக்கடைசியில் இங்கே சாணம் அள்ளுவாள்.

காணாமல் போனது மல்லி. பதினான்கு வயது எழிலரசியின் குதிரை. பேர் வைத்தவளும் அவள்தான். அவள் அப்பா குமாரசாமியின் பெயரில் வாங்கி, டோனாவிடம் விட்டு வளர்த்தார்கள். காலையில் டோனா போன் செய்ததும் போலீசில் புகார் கொடுத்தவர் குமாரசாமி. போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, நேராகப் பண்ணையாள் ரமோனிடம் போனார். வாயிற்கதவின் எண்பூட்டு உடைபடவில்லை. எண் தெரிந்தவர்கள் டோனா, ரமோன், குதிரைக்குச் சொந்தக்காரர்கள். சொந்தக்காரன் தன் குதிரையையே திருடுவானா? ரமோன் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து, மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, தொப்பியை முழங்காலில் வைத்திருந்தான். அவனிடம் இந்த நாட்டில் இருப்பதற்கான காகிதம் எதுவும் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

டோனாவின் கவலை வேறு. கறிக்கு வாங்குகிறவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் மூன்று பேர், மூன்று திசை. டெக்சாஸ் அறுப்புக்கூடங்களுக்குப் போகும் அவர்களுடைய லாரிகள் இன்று மாலை கிளம்பும். மூன்று பேருக்கும் போன் செய்தாள். வெள்ளைக் குதிரைக்கா பஞ்சம் என்று சிரித்தார்களாம். யாரிடம் இருக்கிறது என்று மாலைக்குள் தெரியாவிட்டால் மல்லி இல்லை.

வான்மதி குனிந்து வைக்கோலைக் கிளறினாள். ஓர் ஓரத்தில் கறுப்புச் சீப்பு ஒன்று கிடந்தது. ஆண்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சின்னச் சீப்பு. தேங்காய் எண்ணெய் வாசனை. பற்களில் வெள்ளை முடி, கூடவே காய்ந்த சேறு. முடி நறுக்கியதுபோல் குட்டை குட்டையாக இருந்தது. பிடரி மயிர் முழ நீளம் இருக்கும். இது பிடரி இல்லை.

ரமோன் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். வியாழக்கிழமை அவன் வைக்கோல் வாங்கப் போய்விட்டுத் திரும்பியபோது, மல்லியின் முன்னங்கால் இரண்டும் முட்டிக்குக் கீழே நனைந்திருந்தன. எழிலரசி குளிப்பாட்டினாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டான். போலீஸ்காரரிடம் அதைச் சொன்னபோது, குதிரைக்குக் கால் கழுவிவிட்டா திருடுவார்கள் என்று அவர் கேட்டாராம்.

வான்மதி சிரிக்கவில்லை. சீப்பைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

குமாரசாமி வீட்டுக்குக் காரை ஓட்டும்போது அந்த ஏப்ரல் மாத ஏலம் நினைவுக்கு வந்தது. மூத்திரமும் டோனட் பொரித்த எண்ணெயும் கலந்த நாற்றம். பிட்டத்தில் எண் ஒட்டிய குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வரும். கறிக்கு வாங்குகிறவர்களில் ஒருவன், கால்சட்டையைத் தோளில் தாங்கும் சிவப்புப் பட்டி போட்ட தடியன், ஒரு கையில் காப்பியோடு, மறு கையால் ஒவ்வொன்றின் தொடையையும் கத்திரிக்காய் அமுக்கிப் பார்ப்பதுபோல் அமுக்கிப் பார்த்தான். மல்லியையும் அமுக்கினான். எழிலரசி அழுதாள். அப்போது கையைத் தூக்கியவர் குமாரசாமி. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அன்றிலிருந்து வான்மதிக்கு அவர்மேல் ஒரு மரியாதை. அவர் வீட்டில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டிருக்கிறாள்.

பத்து மணி. குமாரசாமி வீட்டில் காப்பி வந்தது. சோபாவில் அவருடைய மாமனார் மயில்சாமி, ஸ்வெட்டரும் வேட்டியுமாக உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து வந்து பத்து நாளாகிறது. அந்தியூர்ப் பக்கம். வாழ்நாளெல்லாம் மாட்டுச் சந்தை, குதிரைச் சந்தை என்று தரகு பார்த்தவர். வான்மதியும் பவானிக்காரி என்று தெரிந்ததும், எந்தத் தோட்டம், யார் வீடு என்று விசாரித்தார். பேச்சுக்கு நடுவே கை சட்டைப்பைக்குப் போனது. அங்கே எதுவும் இல்லாததால், எண்ணெய் தடவிய தலையை உள்ளங்கையால் அழுத்தி வாரிக்கொண்டார்.

எழிலரசி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். குதிரை ஓட்டும் பூட்ஸைக் கழற்றவில்லை. முகம் வீங்கியிருந்தது. வான்மதி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“நீ வியாழக்கிழமை மல்லியோட காலைக் கழுவினியா?”

“நோ ஆன்ட்டி. ஸ்கூல் இருந்துச்சு.”

“அப்புச்சி மல்லியப் பாத்தாரா?”

பார்த்தாராம். வியாழக்கிழமை அப்பா தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போனாராம். திரும்பி வந்ததிலிருந்து இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்களாம். அவள் ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்லிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் குரலைத் தாழ்த்தினாள்.

“அப்பாவுக்கு மல்லியப் பிடிக்கல ஆன்ட்டி. அன்னிக்கு நைட் அப்புச்சிகிட்ட சொன்னாரு. வீட்டுக்கு வெலங்கு வேண்டாம்னு. லைக், நோ அனிமல்ஸ். பட் மல்லி வீட்லயே இல்லையே, பண்ணைலதான இருந்தா?”

“வெலங்குன்னா சொன்னாரு?”

“யா. விலங்கு மீன்ஸ் அனிமல். தமிழ் ஸ்கூல் புக்ல இருக்கே. வீட்டு விலங்கு, காட்டு விலங்கு.”

வான்மதி அந்தப் பெண்ணின் தலையைத் தடவிவிட்டு எழுந்தாள். இப்படி இருக்கக்கூடாது என்று மனசு ஒரு கணம் கெஞ்சியது. இருந்தது.

குமாரசாமி கராஜில் இருந்தார். வேலையில்லாமல் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய கம்பெனி ஊரிலிருந்து கம்ப்யூட்டர் ஆட்களைக் கூட்டிவந்து வேலைக்கு அனுப்புகிறது. மூன்று மாதமாகக் குடிவரவு அதிகாரிகள் அதைத் துருவிக்கொண்டிருக்கிறார்கள் என்று தமிழ்ச் சங்கத்தில் எல்லோரும் பேசிக்கொண்டதுதான்.

“ஏனுங்க அம்மிணி, தகவல் ஏதாச்சும் வந்துதுங்ளா?”

“வியாபாரி யாருங்கண்ணா?”

“எந்த வியாபாரி?”

“மல்லிய வாங்கிட்டுப் போனவன்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். வான்மதி காகிதத்தைப் பிரித்துச் சீப்பை எடுத்து, பெட்ரோல் டப்பாவின் மேல் வைத்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“நாலு காசு பாக்கற திருடன் பக்கத்து லாயத்துக் குதிரையத்தான் எடுத்திருப்பான். மல்லிய எடுத்தவனுக்குக் காசு வேண்டாம், மல்லி இல்லாம போகணும். இந்தச் சீப்புல இருக்கறது கால் முடி. குதிரையோட கால நனைச்சு, முடியப் படிய வாரி யாருங்கண்ணா பாப்பாங்க? சுழி பாக்கறவங்க பாப்பாங்க. எங்கூர்ச் சந்தைல நான் பாத்திருக்கேன். கணுக்கால்ல சுழி இருந்தா அதுக்குப் பேரு விலங்குச் சுழி. வெச்சிருக்கறவன் கையில விலங்கு விழும், ஜெயிலுக்குப் போவான்னு சொல்லுவாங்க.”

அவர் ஏற்கனவே அடுக்கிய பெட்டி ஒன்றை மறுபடி நகர்த்தினார்.

“எழில் அதக் கேட்டுட்டா. பாவம், மிருகம்னு நெனச்சிட்டா. பேச்சுல மிருகத்த யாருங்கண்ணா விலங்குங்கறது? புஸ்தகத்துலதான் வரும். நம்ம வாயில விலங்குன்னு வந்தா அது கையில மாட்டறதுதான்.”

குமாரசாமி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லாம் வெளியே வந்தது. மாமனார் மல்லியின் காலைப் பார்த்ததுமே முகம் கறுத்துவிட்டாராம். வக்கீல் போனில் கூப்பிட்டாலே தூக்கம் போய்விடுகிற நேரம் இது. டோனாவிடம் சும்மா விட்டுவிட்டால் தோஷம் கூடவே வருமாம், காசுக்குக் கைமாறினால்தான் கழியுமாம். வெள்ளிக்கிழமை ராத்திரி, டோனா ஏலத்துக்குப் போய், ரமோனும் வீட்டுக்குப் போன பிறகு, வியாபாரியே வண்டியோடு வந்தான். பூட்டைத் திறந்துவிட்டவர் இவர்தான்.

“எந்த வியாபாரி?”

“அந்தச் செவப்புப் பட்டிக்காரனுங்க.”

வான்மதி கண்ணை மூடினாள். தொடையை அமுக்கிய அந்தக் கை தெரிந்தது. அன்று அதைப் பார்த்துக் கண் கலங்கிய மனுஷன், தேடிப்போய் அதே கையில் கொடுத்திருக்கிறான். கலங்கியதும் நிஜம்தான் என்பதுதான் அவளுக்கு அதிகம் அருவருத்தது.

சுவரிலிருந்த போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். தன் முன்னால் பேசச் சொன்னாள். லாரி இன்னும் கிளம்பவில்லை. வெள்ளைக் குதிரை அவன் கொட்டிலில்தான் நிற்கிறது. விற்றவரே திரும்பக் கேட்டதால் அவன் வாங்கிய விலைக்கு மேலே போட்டுக் கேட்டான், குமாரசாமி சரி என்றார். அடுத்ததாக டோனாவுக்குப் போன் செய்தாள் வான்மதி. டோனா ஒரு கேள்வியும் கேட்காமல், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவதாக மட்டும் சொன்னாள்.

குமாரசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

“குதிரைதான் வந்துருதுங்களே. எழிலுக்கு மட்டும் தெரிய வேண்டாம் அம்மிணி. அந்த ரமோன் பண்ணதாவே இருக்கட்டுங்க. அவனுக்குப் பேப்பரா, ஒண்ணா. புடிச்சா ஊருக்கு அனுப்பிவிடுவாங்க, அவ்வளவுதானுங்க. எனக்கு அப்படியா? நம்மாளுக நாலு பேரு வேல என்னய நம்பி இருக்குது. போலீஸ்காரன் கேட்டா ரமோன்தான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா போதுமுங்க.”

வான்மதி அவரைப் பார்த்தாள். இவர் வீட்டு ரசம் நன்றாக இருக்கும். அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட தன் வாயை நினைத்துக் கூசியது.

“சொந்தக் குதிரைய வித்ததுக்கு யாரும் உங்கள எதுவும் பண்ண மாட்டாங்கண்ணா,” என்றாள். “குதிரை உங்களுது. ஆனா காலைல திருட்டுப் போச்சுன்னு போலீஸ்ல பொய்ப் புகார் குடுத்தீங்க பாருங்க, அதுக்கு விலங்கு போடுவாங்க. சுழி பலிக்கும்னா இப்படித்தான் பலிக்கும்.”

அவர் தன் இரண்டு மணிக்கட்டையும் குனிந்து பார்த்துக்கொண்டார். அப்படிப் பார்க்கிறோம் என்று அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்கு வரும் கதவு திறந்தது. எழிலரசி பூட்ஸ் காலோடு படியில் நின்றாள். மல்லி கிடைத்துவிட்டாளா, யார் கொண்டுபோனது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கேள்வி ஆன்ட்டிக்குத்தான். அப்பாவை அவள் பார்க்கவே இல்லை.

குமாரசாமி கையைக் கூப்பவில்லை. கூப்புவதற்குச் சற்று முன்னால் நிற்பதுபோல் இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன.

“வான்மதி,” என்றார் மெல்ல. “ஒரே ஒரு வார்த்தைங்க.”

“கெடச்சிட்டா கண்ணு,” என்றாள் வான்மதி, எழிலரசியிடம். “டோனா கூட்டிட்டு வரப் போயிருக்கா.”

பிறகு டப்பாவின் மேலிருந்த சீப்பை எடுத்து, அந்தரத்தில் நின்ற அவர் கையில் வைத்தாள்.

“இல்லீங்கண்ணா,” என்றாள். “நான் சொல்ல மாட்டேன். யாருன்னு அவ கேக்கறா. நீங்க சொல்லுங்க.”