போனில் கேட்காத அப்பா

புதுப் பெட்டி வந்த அன்று அதைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏற வேண்டியிருந்தது. முன்பக்கம் கனிஷாயின் அப்பா எர்மெக். பின்பக்கம் சகின் பைகே. பைகே என்றால் அண்ணன். இரண்டாவது மாடியிலேயே பைகே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எர்மெக், இதுக்குள்ள குதிரைய வெச்சு அடைச்சிருக்காங்களா?"

"குதிரையா இருந்தா அதுவே ஏறியிருக்குமே, பைகே" என்றார் அப்பா.

கனிஷாய் மேலே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பதினோரு வயது. பெட்டி அவள் தோள் உயரம் இருந்தது.

அது பேஸ் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப். காரகோல் ஊரில் பாதிக் கல்யாணங்களுக்கு சகின் பைகேயின் குழுதான் வாசிக்கும். பைகே கீபோர்டு. பகலில் மினி பஸ் ஓட்டும் அப்பா, கல்யாணங்களில் பேஸ் கிட்டார். பாட்டுக்கு அடியில் தும், தும் என்று ஒரு சத்தம் நடந்துகொண்டே இருக்குமே, அதுதான் அப்பா. முந்நூறு பேர் கரண்டியும் தட்டுமாக உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் அவருடைய பழைய சின்னப் பெட்டி எடுபடவில்லை. அதனால் மூன்று வாரம் கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு பெட்டியிலும் வாசித்துப் பார்த்து, இந்தப் பெரிய பெட்டியைத் தேர்ந்தெடுத்தார்.

சின்னப் பெட்டி சமையலறைக்குப் போய்விட்டது. அதன் பெயர் ஆட்டுக்குட்டி. அம்மா வைத்த பெயர். மூக்கால் கத்துகிறது என்று அம்மா சொல்லப்போய், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

புதுப் பெட்டியை எங்கே வைப்பது என்று யாரும் யோசிக்கவே இல்லை. வாசலுக்கு எதிரே உள்ள சுவரோரம்தான் வீட்டின் தோர். மதிப்பான விருந்தாளிகள் உட்காரும் இடம். புதிதாக வந்த பெட்டியும் அங்கேதான் உட்கார்ந்தது, நல்ல கம்பளத்தின் மேல், கண்ணாடி அலமாரியை ஒட்டினாற்போல. புதுசு எதையும் வெறுங்கையோடு வந்து பார்க்கக் கூடாது என்பதால் கீழ்வீட்டு அக்கா ஐனுர் எஜே ஒரு தட்டு நிறைய போர்சோக் மாவுத் துண்டுகள் பொரித்துக் கொண்டுவந்தார். அதோடு விடாமல் மணப்பெண்ணுக்குக் கட்டுவதுபோல் பெட்டியின் கைப்பிடியில் ஒரு வெள்ளைத் துணியையும் கட்டிவிட்டுப் போனார்.

அம்மா இதையெல்லாம் பார்க்கவில்லை. போன இலையுதிர் காலத்திலிருந்து அவர் மாஸ்கோவில் ஒரு தையல் கூடத்தில் வேலை செய்கிறார். வரும் வியாழக்கிழமை அவருக்குப் பிறந்தநாள்.

அப்பாவுக்குப் போனில் பேச வராது. "சாப்பிட்டியா? குளிரா இருக்கா? சரி" என்று சொல்லிவிட்டு, சூடான பாத்திரத்தைக் கைமாற்றுவதுபோல் போனைக் கனிஷாயிடம் கொடுத்துவிடுவார். பாசம் இல்லாமல் இல்லை. பாசம் நிறைய இருந்ததால்தான் வார்த்தை வராது. கனிஷாய்க்கு அது தெரியும்.

அதனால் அப்பா ஒரு முடிவு செய்தார். பிறந்தநாளுக்குப் பாட்டு அனுப்பலாம். அம்மா சமையலறையில் பாடும் அந்த ஏரிப் பாட்டு. கனிஷாய் பாட, பைகே கீபோர்டு வாசிக்க, அவர் பேஸ் வாசிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டிங். குரல் தனி, கீபோர்டு தனி, பேஸ் தனி என்று கம்ப்யூட்டரில் அடுக்கடுக்காகப் பதிவு செய்வதாக ஏற்பாடு. முதல் இரண்டும் ஒழுங்காக முடிந்தன. அப்பா புதுப் பெட்டியில் முதல் சுரத்தைத் தட்டியதும் அலமாரியில் இருந்த நாற்பத்தெட்டு தேநீர்க் கிண்ணங்களும் கிணிகிணி என்று சேர்ந்து பாட ஆரம்பித்தன.

பெட்டியை இரண்டடி நகர்த்தியிருந்தால் போதும். ஆனால் தோரில் உட்கார்ந்த விருந்தாளியைப் போய் எழுந்திரு என்று எப்படிச் சொல்வது? மூன்று பேரும் சேர்ந்து நாற்பத்தெட்டு கிண்ணங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் அடுக்கினார்கள். விருந்தாளி இடத்தை விட்டு அசையவில்லை.

அதற்குப் பிறகு அப்பா வாசித்ததைக் கேட்க வேண்டுமே. தரை அதிர்ந்தது. உள்ளங்கால் வழியாகப் பாட்டு ஏறி வந்தது. வாசித்து முடித்த அப்பாவின் முகம் சிவந்திருந்தது. சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்துவிட்ட மனிதரின் முகம் அது.

வியாழன்வரை பொறுத்திருக்க வேண்டும். கனிஷாயால் முடியவில்லை. அன்று மாலையே, அப்பா கிண்ணங்களைத் திரும்ப அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், பாட்டை அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் பள்ளி விட்டு வரும் வழியில் அம்மாவின் குரல் செய்தி வந்தது.

"பாட்டு ரொம்ப நல்லா இருக்கு மகளே. கூட வேலை பாக்குற எல்லாரையும் கேக்க வெச்சேன். சகின் பைகே விரல் இன்னும் அப்படியே இருக்கு." பிறகு குரல் தாழ்ந்தது. "அப்பா எங்க? அவர் வாசிக்கவே இல்லையே. உடம்பு கிடம்பு சரியில்லையா? எங்கிட்ட மறைக்காத."

கனிஷாய் தெருவிலேயே நின்றுவிட்டாள். அப்பா நன்றாக இருக்கிறார், வாசித்தார், சத்தியமாக வாசித்தார் என்று பதில் அனுப்பினாள். "சரி மகளே" என்று மட்டும் அம்மாவிடமிருந்து வந்தது. நம்பாத "சரி" அது.

வீட்டுக்கு வந்ததும் பாட்டைத் தன் போனில் போட்டுப் பார்த்தாள். அவள் குரல் இருந்தது. கீபோர்டு இருந்தது. அப்பாவைக் காணோம். சத்தம் கூடட்டும் என்று போனை ஒரு கிண்ணத்துக்குள் நிறுத்தினாள். அவள் குரல் கூடியதுதான் மிச்சம்.

அப்பாவின் பெரிய ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டாள். தும், தும் என்று அப்பா வந்துவிட்டார். கழற்றினாள், போய்விட்டார். மாட்டினாள், வந்தார்.

அப்போதுதான் புரிந்தது. பாட்டில் அப்பா இருக்கிறார். ஆனால் அவ்வளவு ஆழமான சத்தத்தைச் சொல்லப் பெரிய வாய் வேண்டும். போனின் வாய் ஓர் அரிசி அளவுதான். இயர்போன் வைத்துக் கேளுங்கள் என்று அம்மாவிடம் சொல்லலாமென்றால், அது குளிர்காலத்திலேயே உடைந்துவிட்டது. அடுத்த மாதம் வாங்குகிறேன் என்று நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவர் மனம்விட்டுப் பேசியது அந்த ஒரு தடவைதான். அதுவும் போய்ச் சேரவில்லை என்றால் அவர் முகம் எப்படி ஆகும் என்று நினைத்தபோது கனிஷாய்க்கு அழுகை வந்தது. அன்று இரண்டு தடவை அப்பா "என்ன மகளே?" என்று கேட்டார். இரண்டு தடவையும் அவள் கணக்குப் பாடத்தின் மேல் பழியைப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை வழி கிடைத்தது. கிடைத்த இடம்தான் வேடிக்கை. வீட்டுப்பாடம் கேட்பதற்காகக் கனிஷாய் தோழி முனாராவுக்குப் போன் செய்தாள். சமையலறையில் அப்பா லக்மான் நூடுல்ஸுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு, ஆட்டுக்குட்டியில் ஏரிப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார்.

நாலாவது கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்த முனாரா திடீரென்று நிறுத்தினாள். "உங்கப்பாகிட்ட சொல்லு, அந்த இடத்துல இன்னிக்கும் லேட்டு."

"எந்த இடத்துல?"

"ரெண்டாவது அடி ஆரம்பிக்கிற இடத்துல. எப்பவும் அங்க ஒரு நிமிஷம் தூங்கிட்டுத்தான எந்திரிக்கிறாரு."

கனிஷாய் எழுந்து நின்றாள். "முனாரா, உனக்கு அப்பா வாசிக்கறது கேக்குதா? போன்லயா?"

"ஏன் கேக்காது? மூக்கடைச்ச ஆடு மாதிரி கத்துதே."

ஆட்டுக்குட்டியின் மூக்குக் குரல் போனின் சின்ன வாய்க்குள் நுழைந்துவிடுகிறது! கனிஷாய் தோழிக்கு நன்றி சொல்லிப் போனை வைத்தாள். எதற்கு நன்றி என்று முனாராவுக்கு விளங்கவில்லை. நாலாவது கணக்கும் அப்படியே நின்றது.

புதன்கிழமை மாலை கனிஷாய் முதலில் தேநீர் போட்டாள். அப்பா விரும்பும் திராட்சை ஜாமையும் எடுத்து வைத்தாள்.

"அப்பா, உங்ககிட்ட ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு."

"சின்னத முதல்ல சொல்லு."

"பாட்ட அம்மாவுக்கு ஞாயித்துக்கிழமையே அனுப்பிட்டேன்."

அப்பா சிரித்துவிட்டார். நீ வியாழன்வரை தாங்கியிருந்தால்தான் ஆச்சரியம் என்றார். "பெருசு என்ன?"

"நீங்க வாசிச்சது அம்மாவுக்குக் கேக்கல." கனிஷாய் வேகமாகச் சொல்லி முடித்தாள். "தப்பு உங்க மேல இல்லப்பா. நீங்க பாட்டுல இருக்கீங்க. போனுக்குத்தான் உங்களச் சொல்லத் தெரியல."

அப்பா அவள் போனை வாங்கிக் காதோடு வைத்துக் கேட்டார். முதல் அடி முடிந்தது. இரண்டாம் அடி முடிந்தது. போனை மேசையில் வைத்துவிட்டுத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனிஷாய்க்குச் சொல்லாமலேயே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

கடைசியில் அப்பா எழுந்து தோர் பக்கம் போனார். அடிச்சத்தத்தைக் குறைத்து, நடுச்சத்தத்தைக் கூட்டி, பெரிய பெட்டியையே சரிசெய்து பார்க்கலாம் என்றார்.

"அது மண்டபத்துக்குப்பா. முந்நூறு பேருக்கு" என்றாள் கனிஷாய். "அம்மா அந்தப் பெட்டியப் பாத்ததே இல்ல. அம்மாவுக்கு ஆட்டுக்குட்டியத்தான் தெரியும்."

அப்பா வெள்ளைத் துணி கட்டிய பெரிய பெட்டியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு சமையலறைக்கு நடந்தார்.

ஆட்டுக்குட்டியைத் தரையில் வைத்தால் சத்தம் கும்மென்று குழம்பும் என்று அப்பா அதை ஒரு முக்காலியின் மேல் ஏற்றினார். ஒரு சாண் தள்ளி மைக்கை வைத்தார். உர்ரென்று சத்தம் போட்ட ஃபிரிட்ஜைக் கனிஷாய் அணைத்தாள். அடிச்சத்தத்தைக் குறைக்கும் திருகை அப்பா தயங்கித் தயங்கித் திருப்பினார். குழம்பிலிருந்து உப்பைத் திரும்ப எடுக்கச் சொன்னதுபோல் அவருக்கு இருந்தது.

கொஞ்சம் வாசிப்பார். பதிவானதைக் கனிஷாயின் போனுக்கு அனுப்புவார். அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாள். "இன்னும் கொஞ்சம் மேல, அப்பா" என்று உள்ளிருந்து குரல் வரும். மறுபடி வாசிப்பார். ஆறாவது தடவை கதவு திறந்தது. கனிஷாய் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

பழைய பேஸை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்த்தார்கள். அனுப்பினார்கள். ஃபிரிட்ஜை மறுபடி போட மறந்ததால் காலையில் பால் திரிந்துபோயிருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணி. மாஸ்கோவில் அப்போது பன்னிரண்டு மணி, அம்மாவின் சாப்பாட்டு இடைவேளை. அம்மாவே கூப்பிட்டார். கனிஷாய் போனை மேசைமேல் வைத்தாள். அப்பா பூண்டு உரிக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே உரித்த பூண்டு ஒரு கிண்ணம் நிறைய இருந்தது.

காலையிலிருந்து தையல் இயந்திரச் சத்தத்தில் பாட்டைக் கேட்கவே முடியவில்லை, இப்போதுதான் கேட்கப் போகிறேன் என்றார் அம்மா. கூட இருந்த பெண்கள் சிரிப்பது கேட்டது. யாரோ ஒருவருடைய போனில் பாட்டு ஒலித்தது. கனிஷாயின் குரல், பைகேயின் கீபோர்டு. பிறகு மூக்கடைத்துக்கொண்டு, மெல்லியதாக, தெளிவாக, தும், தும்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"ஆட்டுக்குட்டி" என்றார் அம்மா. பாட்டு முடிந்த பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "எர்மெக், இருக்கீங்களா?"

அப்பா பூண்டைக் கீழே வைத்தார். "இருக்கேன்."

"ரெண்டாவது அடியில இன்னும் லேட்டாத்தான் வர்றீங்க."

வழக்கமாக இந்த இடத்தில் அப்பா "சரி" என்று சொல்லிவிட்டுப் போனைக் கனிஷாயிடம் தள்ளிவிடுவார். கனிஷாய் கையைக்கூட நீட்டிவிட்டாள். ஆனால் அப்பா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அது லேட்டு இல்ல, குல்சுன்" என்றார். "அந்த இடத்துல நீ குழம்ப ருசி பாத்துட்டுத்தான பாட வருவ. அதான் நிக்கிறேன். நீ வரட்டும்னு."

முனாரா அதைத் தூக்கம் என்று கேலி செய்தது கனிஷாய்க்கு நினைவு வந்தது. அவள் சத்தமில்லாமல் எழுந்து சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

அன்று அம்மாவின் இடைவேளை முடியும்வரை அப்பா பேசிக்கொண்டே இருந்தார். அவருக்கு ஊற்றி வைத்திருந்த தேநீர் ஆறிப்போயிருந்தது. கனிஷாய் சந்தோஷமாகப் போய் வேறு தேநீர் போட்டாள்.