மூச்சு வாங்காத குரல்

உதயகுமாருக்கு மூச்சு வாங்கவில்லை. ஹேமநாதனுக்கு முதலில் உறைத்தது அதுதான்.

வீட்டு வாசலிலிருந்து ஏரிக்கரை ஏறுவதற்குள்ளேயே, "சார், கொஞ்சம் நில்லு சார், நெஞ்சு அடைக்குது" என்று தொப்பை குலுங்கச் சிரித்த மனிதர் அவர். இப்போது பின்னால் பனிமூட்டத்துக்குள்ளிருந்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பேசுகிறவரைப் போல நிதானமாகக் குரல் கொடுக்கிறார்.

"வந்துகினே கீறேன் சார். நீ போய்கினே இரு."

ஹேமநாதன் கோயம்புத்தூர்க்காரன். பாக்கிங் மெஷின்களைப் பொருத்திக் கொடுக்கும் வேலை. கம்பெனி அம்பத்தூர்த் தொழிற்சாலைக்கு அனுப்பும்போதெல்லாம் தன் மவுண்டன் பைக்கைக் கழற்றிப் பையில் கட்டி ரயிலில் கொண்டு வந்துவிடுவான். விடியும் முன் கிளம்பி, பூந்தமல்லியைச் சுற்றியுள்ள மண்பாதைகளில் ஆசை தீர ஓட்டிவிட்டு, மீட்டிங்குக்குச் சட்டை மாற்றிக்கொண்டு போய் நிற்பான். தொழிற்சாலையின் சூப்பர்வைசர் உதயகுமாருக்குச் சர்க்கரை. "நீங்களும் வாங்க, உடம்பு இறங்கும்" என்று அழைத்தது ஹேமநாதன்தான். பாரிவாக்கத்தில் அவர் வீட்டு வாசலில், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வழியனுப்பிய மனைவி கோமளா, "அதுக்கு வேகமா ஓட்ட வராது. உட்டுட்டுப் பூடாதீங்க சார்" என்றாள்.

விட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். கரை நீளமாக, ஆளரவமில்லாமல் கிடந்தது. தடித்த டயர்களுக்குக் கீழே ஈரமண் அமுங்கி வழிவிட்ட சுகத்தில் கால்கள் தாமாகவே வேகம் பிடித்துவிட்டன. மார்கழிப் பனியோடு, போகிக்கு முன்னமே யாரோ டயர் கொளுத்திய புகையும் சேர்ந்து, இடப்பக்கம் ஏரியையும் வலப்பக்கம் புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளையும் மூடியிருந்தது. அவ்வப்போது திரும்பாமலே "வர்றீங்களா?" என்று கத்தினான். பதில் வந்தது. அது போதுமென்றிருந்தது.

இப்போது காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினான். தன் செயின் ஓடுவது கேட்டது. தன் டயர் சரளையை நெரிப்பது கேட்டது. பின்னால் எதுவுமில்லை. உதயகுமாரின் இரவல் சைக்கிளில் மட்கார்டு தளர்ந்து, ஏறியதிலிருந்து கடகடவென்று அடித்துக்கொண்டிருந்ததே. அது எங்கே போயிற்று?

பிரேக் பிடித்தான்.

"உதயகுமாருங்களா?"

"வந்துகினே கீறேன் சார். நீ போய்கினே இரு."

"தண்ணி இருக்குங்களா உங்ககிட்ட?"

"வந்துகினே கீறேன் சார். நீ போய்கினே இரு."

அதே வார்த்தைகள். அதே ஏற்ற இறக்கம். வேறு எதையும் பேசத் தெரியாத ஒன்று, தெரிந்ததை மட்டும் சொல்வதுபோல.

சேற்றுவாடை அடித்தது. தண்ணீர் வற்றிய இடத்தில் மீன் செத்துக் கிடந்தால் வருமே, அந்த வாடை. சைக்கிளைத் திருப்பிக் குரல் வந்த திசையிலேயே மிதித்தான். யாரும் எதிர்ப்படவில்லை. குரல் மறுபடி கேட்டபோது அது முதுகுக்குப் பின்னால் இருந்தது. முன்பைவிடக் கிட்டத்தில்.

மிதித்தான். வெறிகொண்டு மிதித்தான்.

கரையில் ஏறிய இடத்துக்குப் பக்கத்திலேயே, சரிவில் இரவல் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அவ்வளவு பக்கத்தில். அப்படியானால் இவ்வளவு நேரமும்?

சைக்கிளைப் போட்டுவிட்டுச் சறுக்கி இறங்கினான்.

ஏரி விளிம்பில் உதயகுமார் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். முகம் வானத்தைப் பார்த்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. கன்னங்கள் இரண்டும் உப்பிப் புடைத்திருந்தன. திறந்த வாய் நிறையக் கறுப்புச் சேறு. கையால் அள்ளிப் போட்டதல்ல, உள்ளே குத்திக் குத்தி அடைத்தது. அதைத் தோண்டி எடுக்கப் பார்த்ததில் அவருடைய நகங்கள் பிய்ந்து, உதடுகள் கிழிந்திருந்தன. சரிவில் அவர் மேலே ஏற முயன்ற விரல்தடங்கள். பிறகு இழுத்து இறக்கப்பட்ட ஒரே நீளமான தடம்.

தொட்டான். சில்லென்றிருந்தார்.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. திரையில் கோமளா.

உருவி எடுத்து ஸ்பீக்கரைத் தட்டினான்.

"இன்னாய்யா, இன்னும் காணோம்? சார் கூடத்தானே கீற?"

ஹேமநாதன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. நாக்குக்கு மேல் எதுவோ குளிர்ச்சியாக, கனமாக இருந்தது. விரலை விட்டுப் பார்த்தான். சேறு. தொண்டைக்குள்ளிருந்து இன்னும் மேலேறி வந்துகொண்டிருந்தது.

தலைக்கு மேலே, கரையில், பனிக்குள் அவனுடைய குரல் பேசியது. கோயம்புத்தூர்க் குழைவோடு. கொஞ்சமும் மூச்சு வாங்காமல். இப்போது அதற்குக் கேட்டதற்குப் பதில் சொல்லவும் தெரிந்திருந்தது.

"ஒண்ணும் பயப்படாதீங்க. அவருக்குக் கால் சுளுக்கிடுச்சு, அவ்ளோதானுங்க. ஸ்கூட்டர எடுத்துட்டு ஏரிக்கரைக்கு வாங்க."

"ஐயோ, எனக்கு அப்பவே தெரியும். பாப்பா தனியா கீதே சார்."

"அதையும் தூக்கிட்டு வாங்க."

ஹேமநாதன் போனைக் கல்லில் அடித்தான். மீண்டும் மீண்டும் அடித்தான். திரை நொறுங்கியது. நொறுங்கிய திரைக்குள்ளிருந்து ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகும் சத்தமும், எங்கோ போகிறோம் என்ற குஷியில் குழந்தை சிரிப்பதும் தெளிவாகக் கேட்டன.