கட்டைவிரலுக்கு அடியில் பிரேக்

காலையில் உணர்பிடியைக் கையில் எடுத்ததுமே நறுமுகைக்குக் கோபம் வந்துவிட்டது. கட்டைவிரல் இயல்பாகப் போய் உட்காரும் இடத்தில் வெட்டுச்சக்கரத்தை முடுக்கும் பொத்தான் இருக்க வேண்டும். அங்கே நிறுத்தும் பொத்தான் சட்டமாக உட்கார்ந்திருந்தது. மாமியார் பவித்ரா நேற்று மாலையும் பேருந்து ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

உணர்பிடி, பிசைந்த மாவைப் போல மெத்தென்று இருக்கும். பிடிக்கிற கைக்கு ஏற்பக் குழைந்துகொள்ளும். கை அசைகிறபடியே தொலைவில் இருக்கும் இயந்திரத்தையும் அசைக்கும். ஆனால் அதன் மகிமையெல்லாம் பொத்தான்களில்தான். அவை தோலுக்கு அடியில் நகரும். அடிக்கடி அழுத்தும் பொத்தான் விரலைத் தேடி வந்துவிடும். அழுத்தாத பொத்தான் மெல்ல ஒதுங்கி, எந்த விரலும் எட்டாத அடிப்பக்கம் போய்ச் சேரும். பழைய பிடிகளைப் பிடித்து மணிக்கட்டு வீங்கிய தலைமுறை, இதைக் கண்டுபிடித்தவர்களை இரண்டு கையாலும் கும்பிட்டது.

நறுமுகையும் கும்பிட்டவள்தான். சேலத்துப் பாதாளச் சாக்கடைக்குள் இப்போது மனிதர்கள் இறங்குவதில்லை. நண்டு என்று எல்லோரும் அழைக்கும் இயந்திரம் இறங்குகிறது. அவள் வீட்டு முன்னறையில், மின்விசிறிக்குக் கீழே நின்று கையை நீட்டினால் அங்கே நண்டு கையை நீட்டும். அடைப்பைச் சக்கரத்தால் வெட்டித் தள்ளும். அவளுடைய தாய்மாமன் அப்படியொரு குழிக்குள் இறங்கி, ஏறாமலே போனவர். இந்தப் பிடி கொஞ்சம் முன்பே வந்திருக்கக் கூடாதா என்று அவர் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள்.

மாலையில் பிடி சும்மா கிடக்கும். எதுவும் சும்மா கிடப்பது பவித்ராவுக்குப் பொறுக்காது. அதை எடுத்துக்கொண்டு, திரையில் கொல்லிமலைப் பேருந்து விளையாட்டுக்கு உட்கார்ந்துவிடுவார். ஆடினார் என்பதைவிடப் பயந்தார் என்று சொல்வதே பொருத்தம். ஆடு குறுக்கே வந்தால் பிரேக். ஆட்டின் நிழல் வந்தால் அதற்கும் பிரேக். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவதை அவர் தாண்டியதே இல்லை. விளையாட்டில் பிரேக்காக இருக்கும் அதே பொத்தான்தான் வேலையில் நண்டை நிறுத்தும் பொத்தான். மாமியாரின் பயம், மறுநாள் காலையில் மருமகளின் கட்டைவிரலுக்கு அடியில் வந்து உட்கார்ந்திருக்கும்.

தனியாக ஒரு பிடி வாங்கிக்கொள்ளச் சொல்லியும் பார்த்தாள்.

"கடையில இருக்கிறதெல்லாம் கட்டையா இருக்குடி. இதுதான் கைக்குச் சொகுசா இருக்கு," என்று பவித்ரா முடித்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் நறுமுகை அலுவலகத்தில் சொல்லிவைத்தாள். வேறு யார் விரலுக்கும் பொத்தான்கள் நகராதபடி பூட்டிவிட, அன்று மதியம் ஆள் வருவதாக இருந்தது. அந்த நிம்மதியில்தான் வேலையைத் தொடங்கினாள்.

ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறக் குழாயில் அடைப்பு. நண்டின் கண்ணுக்கு முன்னால் ஒரே பழுப்பு. சக்கரம் இரைந்தபடி வாழை இலைகளை வெட்டிக்கொண்டு போனது. அடுத்து ஏதோ கறுப்பாக, பெரிதாகத் தெரிந்தது. இலைக்கட்டு என்று நினைத்தாள். வேகத்தைக் கூட்ட, பழைய பழக்கத்தில் கட்டைவிரலை அழுத்தினாள்.

நண்டு நின்றுவிட்டது.

"சனியன்," என்றாள், மாமியார் காதில் விழட்டும் என்றே.

இரைச்சல் அடங்கியதும் உள்ளேயிருந்து ஓர் இருமல் கேட்டது. பிறகு ஒரு குரல், மெதுவாக.

"ஆளு இருக்கேன்... ஆளு இருக்கேன்..."

நறுமுகை நண்டின் கண்ணாடியைத் துடைத்தாள். சேற்றுக்குள் ஒரு முகம் தெரிந்தது. சக்கரத்தின் பல் அந்த மனிதனின் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றிருந்தது. நண்டு வரும்வரை பொறுக்க முடியாத மண்டபத்துக்காரர், மனிதர்களை இறக்கக் கூடாது என்ற சட்டத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஓர் ஆளை இறக்கியிருந்தார். கயிறு நழுவி, இறங்கியவர் குழாய்க்குள் சறுக்கி விழுந்திருந்தார். மேலே வர வழியில்லை. காற்றும் குறைந்துகொண்டிருந்தது.

அவசரப் படைக்குச் செய்தி அனுப்பிவிட்டு அவள் வலது கையை மெல்ல நீட்டினாள். அங்கே நண்டின் கை நீண்டது.

"நண்டோட கையைப் பிடிச்சுக்கங்க அண்ணே," என்றாள். "அது என் கைதான். விட மாட்டேன்."

ஒரு மனிதனின் பாரம் உணர்பிடி வழியாக அவள் உள்ளங்கையில் வந்து இறங்கியது. அவள் பின்னால் அடியெடுத்து வைத்தாள். நண்டும் பின்வாங்கியது. முன்னறை முடிந்து சாப்பாட்டு மேசை வந்தது. பவித்ரா எழுந்து வந்தார். நாற்காலிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி வழி விட்டார். மருமகள் தடுக்கி விழாமல் அவள் முதுகில் ஒரு கையை வைத்தபடி சமையலறை வரை கூடவே வந்தார். அடுப்பு மேடையில் இடித்து நிற்கவும், திரையில் குழிவாயின் வெளிச்சம் தெரிந்தது. மேலேயிருந்து நாலைந்து கைகள் இறங்கி அவரைத் தூக்கிக்கொண்டன.

நறுமுகை பிடியைக் கீழே வைக்காமலே மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதாள். மதியம் பூட்ட வந்தவரிடம், பூட்ட வேண்டாம் என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பினாள்.

பிறகு விசாரணை நடந்தது. நண்டு ஓட்டுகிறவர்கள் எல்லோருடைய பிடிகளையும் திருப்பிப் பார்த்தார்கள். நறுமுகையுடையதைத் தவிர எல்லாவற்றிலும் நிறுத்தும் பொத்தான் அடிப்பக்கம் போய் ஒதுங்கிக் கிடந்தது. இத்தனை காலத்தில் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. உறுத்தினால்தானே சொல்வதற்கு.

மறுவாரமே பவித்ராவின் வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்தன. உடன் வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு பிடியோடு வந்து, ஒரு நடை ஓட்டித் தரச் சொல்லிக் கேட்டார்கள். அலுவலகம் இதற்கு 'அச்சப் பதனம்' என்று கனமான பெயர் வைத்து, அவருக்கு அடையாள அட்டையும் கொடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழாயிலிருந்து மீண்ட செல்லமுத்து மாம்பழக் கூடையோடு வந்தார். நன்றியை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நின்றவருக்கு நறுமுகை மாமியாரைக் காட்டினாள். அவர் கைகூப்பினார். பவித்ராவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"நான் பிரேக்தானப்பா போட்டேன்," என்றார்.

ஆனால் சித்திரமும் கைப்பழக்கம். இத்தனை பிடிகளில் இத்தனை நடை ஓட்டியதில் பவித்ராவுக்குப் பேருந்து வசப்பட்டுவிட்டது. ஒருநாள் காலை நறுமுகையின் கட்டைவிரல் வெறும் தோலைத் தொட்டது. நிறுத்தும் பொத்தான் அங்கே இல்லை. தடவித் தேடினால், மோதிரவிரல் பக்கமாகப் பாதி வழி போயிருந்தது. அன்று மாலை போய்ப் பார்த்தாள். பவித்ரா அறுபதாவது வளைவில் ஒரு லாரியை முந்திக்கொண்டிருந்தார்.

"அத்தை, கொஞ்சம் பயந்து ஓட்டுங்க அத்தை."

"பயம் போயிடுச்சேடி. நான் என்ன பண்ண?"

அடுத்த நடைக்கு நகரத்துப் பிடிகள் எல்லாம் வரிசையில் காத்திருந்தன. பவித்ராவுக்கு அன்று மருமகள் கட்டிக்கொண்டு அழுதது நினைவுக்கு வந்தது. பிறகு உணர்பிடியை அவள் கையில் வைத்து, பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

நறுமுகை பேருந்தைக் கிளப்பினாள். முதல் வளைவில் ஒரு மரத்தின் நிழல் சாலையில் விழுந்து கிடந்தது. கறுப்பாக, பெரிதாக. அவள் நினைப்பதற்கு முன்பே விரல் பாய்ந்து பிரேக்கை அழுத்தியது. பேருந்து நின்றது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன.

பவித்ரா அவள் முதுகில் கையை வைத்தார்.

"அடிச்சா அடிக்கட்டும்," என்றார். "நீ இறங்கிப் பார்த்துட்டே போ."