துரு போன வாளின் எடை

துருவைச் சுரண்டினால் வாளின் எடை குறையணும். இது முக்கால் கிராம் கூடியிருந்தது.

மோகன்ராஜ் ஒரகடத்து வார்ப்பாலையில் குவாலிட்டி பார்க்கிறவன், எடையில் ஏமாறுகிற ஆளில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய இரும்பு கன்டெய்னரில் கிடந்த வாளை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி படப்பை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். சண்டை வாள் இல்லை. துரைமார் விருந்துக்குப் போகையில் இடுப்பில் மாட்டிக்கொள்கிற அலங்கார வாள்.

சென்னையில் பழம்பொருள் வாங்கி விற்கும் பெருமாள்சாமி, அவன் அனுப்பிய படத்தையும் எடையையும் பார்த்துவிட்டு போனில் சொன்னார்: "கைப்பிடிக்குக் கீழ ரெண்டு வளையம் கீது பாரு, வெரலே நுழையாது, சும்மா பேருக்கு. முந்தின வாளுல வெரல் நுழையும். 1770-க்கு அப்பால செஞ்சது தம்பி. ஆனா எடை இடிக்குது. சரியா போட்டு அனுப்பு, வருசத்த முடிவு பண்ணிடலாம்."

ஒரு வாரமாகவே வீட்டில் ஈர இரும்பு வாடை. குழம்பு கொதிக்கும்போதும், துணி மடிக்கும்போதும், மனைவி கனகத்தின் தலைமுடியிலும் அதே வாடை; வாலாஜாபாத் ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் மேசைமேல் வாள் மெல்ல முனகி, லாரி போன பிறகும் நிறுத்தாமல் முனகிக்கொண்டே கிடந்தது.

"இன்னாங்க, நாலு படி ஏறினா மூச்சு வாங்குது," என்றாள் கனகம். உதடு வெளுத்திருந்தது. கிளினிக்கில் ரத்தம் பார்த்த நர்ஸ் திட்டினாள்: "மனுச ஒடம்புல மொத்த இரும்பே நாலு கிராம்தான்மா. உனக்குப் பாதிகூட இல்ல." மாத்திரை கொடுத்தாள். கனகம் மாத்திரை போட்ட மறுநாள் வாள் இன்னும் ஒன்றே கால் கிராம் கூடியது.

அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அத்தத் தூக்கி வெளிய போடுங்க. அது வந்ததுலருந்துதான் எனக்கு இப்டி."

போட்டிருக்கலாம், பாவி! ஆனால் பதினோரு வருச வேலைப்பழக்கம் விடுமா? ஒரு அளவு தப்பாகலாம், ரெண்டாவது தற்செயலாகலாம், மூணாவது பார்க்காமல் எதையும் ஒதுக்கக்கூடாது.

"சாயங்காலம் ஒரே ஒருவாட்டி போட்டுப் பாத்துடறேன் கனகம். அப்றம் ஏரியிலயே போட்டுடறேன்."

ஆறு மணி. தராசில் வாளை வைத்தான். எண் நிற்கவில்லை. ஏறியது. அடுப்படியில் டம்ளர் உருண்டது.

"ஏங்க..."

திரும்பினான். கனகம் தரையில். நகமெல்லாம் வெள்ளை. கை அவன் பக்கம் நீண்டிருந்தது. எண் ஏறியது. வாளை எடுத்தால் போதும். கைக்கெட்டும் தூரம்.

எண் நின்ற பிறகுதான் எழுதணும்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் தராசையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எண் நின்றது. எழுதினான்.