பாத்திமா மேரியின் சதை

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் காலை, அடைமழையில் நனைந்துகொண்டே பிரின்ஸி ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். மன்னார்குடி சாலையில் வயலைத் தூர்த்துக் கட்டிய கட்டடம் அது. மழை பிடித்தால் உள்ளே சேற்று வாடை அடிக்கும். இன்று உயிரணுத் தட்டு வைத்திருந்த இன்குபேட்டரைத் திறந்தபோது மெழுகுவர்த்தி வாடை அடித்தது.

கூடத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை.

தட்டில் இருந்தவை, நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பாத்திமா மேரியின் அக்குள் கட்டியிலிருந்து எடுத்த புற்று உயிரணுக்கள். உயிரணுவுக்குள் கெட்டுப்போன புரதங்களுக்கு, வெட்டப்போகும் மரத்துக்குப் பெயிண்ட் அடிப்பதுபோல, யுபிக்விடின் லைகேஸ் என்ற நொதி குறி வைக்கும். குறி விழுந்தது குப்பைக்குப் போகும். பிரின்ஸியின் மருந்து அந்த நொதியின் கையைக் கட்டிப்போடும். குப்பை சேர்ந்து புற்று மூச்சுமுட்டிச் சாக வேண்டும். மற்ற நோயாளிகளின் உயிரணுக்கள் ஒழுங்காகச் செத்தன. இவை மட்டும் எதையும் வெளியே விடாமல் கொழுத்துக்கொண்டே போயின.

பிரின்ஸிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த மருந்துக்கும் சாகாத புற்று என்பது புதுக் கண்டுபிடிப்பு; அவளுடைய பிஎச்.டி. பட்டமே இந்தத் தட்டில்தான் இருந்தது. எவ்வளவு மருந்து ஊற்றினாலும் சாகவில்லை என்று ஆய்வு வழிகாட்டிக்கு மெசேஜ் அனுப்பினாள்.

பாத்திமா மேரி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வேலை முடிஞ்சதும் எடுத்த சதைய என்னோடயே சேத்துப் பொதச்சிடுங்கம்மா. நான் முழுசாப் போவணும்." அவள் இருமி இருமிச் சொன்னதற்குப் பிரின்ஸி தலையாட்டியிருந்தாள். ஆனால் பாத்திமா மேரி இறந்த அன்று அவள் கணவர் பெரியநாயகசாமி வாசலில் வந்து நின்றபோது, மதியம் வாங்கிய பிரியாணியிலிருந்து ஒரு கோழித்துண்டைக் கழுவி, காயம் கட்டும் காஸ் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அந்த மனிதர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாவி, சிரிப்பை அடக்கத்தான் அவளுக்குச் சிரமமாக இருந்தது.

போன் அடித்தது. பெரியநாயகசாமி.

"நேத்து மெழுகுவத்தி ஏத்தப் போனங்கம்மா. கல்லறை பூசுன சிமெண்ட்டுல ஒரு கீறல் இல்ல. பொட்டிக்குள்ள வெச்சுப் பொதச்ச ஒங்க துணி மேல கெடந்துச்சு. பிரிச்சா கோழி எலும்பு."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அவ சதை எங்கம்மா?"

கொடுத்துவிடலாம். ஆனால் பட்டம் போய்விடும்.

"எரிச்சாச்சுங்க ஐயா. இப்ப எதுவும் இல்லைங்க."

அவர் திட்டவில்லை. "ஒங்க பக்கத்துல யாரும்மா இருமுறது?" என்று மெல்லக் கேட்டார். "அவ இருமுற மாதிரியே இருக்கு."

போனை வைத்தாள்.

தட்டைப் பார்த்தாள்.

கழுவித் துடைத்த மாதிரி காலியாக இருந்தது.

இடது அக்குளில் சுரீரென்றது. காலையில் குளிக்கும்போது அங்கே ஒன்றும் இல்லை. இப்போது கொட்டைப்பாக்கு அளவில் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. தொட்டதும் அது சூடாக நகர்ந்தது.

வழிகாட்டியின் பதில் போனில் ஒளிர்ந்தது. "அருமை. எந்த மருந்துக்கும் சாகாது, உறுதிதானே?"

பதில் எழுதப் போனவளுக்கு இருமல் வந்தது.

அது அவளுடைய இருமல் இல்லை.