விட்டால் பாயும்

அவனுடைய கட்டைவிரல் இன்னும் பட்டனின் மேல்தான் இருந்தது.

ஆனால் அமுக்கவில்லை.

அதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூக்கருகே கை வைத்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. கல்யாணமான நாள் முதல் அந்த விரல் சும்மா இருந்து அவள் பார்த்ததில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்புக் கிண்ணத்தை அமுக்கும். தூக்கத்தில் அவள் தோளை அமுக்கும். 'என்னை என்ன கன்ட்ரோலர்னு நெனச்சீங்களா?' என்று அவள் தட்டிவிடுவாள்.

இப்போது... சும்மா இருந்தது.

எதிரே விளையாட்டுத் திரையில் ஒரு கறுப்புப் பூனை. கூரை விளிம்பில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. யாராவது அமுக்கட்டும் என்று காத்திருந்தது.

அவள் கத்தவில்லை. பின்னாலேயே படியேறி வந்த கொழுந்தன்தான் கத்தினான்.

"அண்ணா!"

*

அந்த மாடிதான் அவர்களுடைய கம்பெனி. அவள் கணவன் விளையாட்டை யோசிப்பான். அவன் தம்பி அதைக் கணினிக்குச் சொல்லித் தருவான். அவள் சோதித்துப் பார்ப்பாள். எங்கே தடுக்கிறது, எங்கே உறைந்து நிற்கிறது என்று குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவளுக்குத் தொழில்.

இன்று அவள் மேலேயே குற்றம்!

இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. மேஜையில் இருந்த காப்பிக் கோப்பையை டாக்டர் முகர்ந்து பார்த்துத் தலையசைக்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு அவளுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மூலையில் ஒரு ரேகை நிபுணர் பொடி தூவிக்கொண்டிருந்தார்.

"விஷம்தாம்மா. ஃப்ளாஸ்க் யார் கொண்டு வந்தது?"

"நான்தான். மத்தியானம்."

"நேத்து உங்க வீட்டுல சண்டை. கீழ் வீட்டுக்காரங்க சொன்னாங்க. 'அந்த பட்டனையே கட்டிக்கிட்டிருக்கலாமே நீங்க'ன்னு கத்தியிருக்கீங்க."

கத்தியது உண்மை. அதற்கு அவன் சிரித்ததும் உண்மை. கீழ் வீட்டுக்குக் கத்தல் மட்டும்தான் கேட்டிருக்கிறது. சிரிப்பு கேட்கவில்லை. ஒரு கல்யாணத்தில் வெளியே கேட்பது எப்போதுமே பாதிதான் என்று இந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது?

"அப்புறம், பெட்டியில ஏதோ ஒரு கேம் கார்டு குறையுதாம். நாளைக்குக் கேஸுக்கு வேண்டியதாமே... அதை எதிராளிக்கு வித்துட்டு, புருஷனையும் முடிச்சிட்டீங்கன்னு நான் நெனச்சா, அதுல தப்பு இருக்கா?"

"இருக்கு" என்றாள் அவள். "என்னை இந்த மெஷினை ஒரு தரம் போட்டுக் காட்ட விடுங்க. தப்பு எங்கேன்னு நான் கண்டுபிடிச்சுத் தரேன்."

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த விலங்கை மடியில் வைத்துக்கொண்டார். முதலில் கேஸ் என்னவென்று சொல்லச் சொன்னார்.

கொழுந்தன் சொன்னான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

ஊரில் உள்ள விளையாட்டுகளில் எல்லாம் பட்டனை அமுக்கினால் பாயும். அண்ணனுடைய பூனை அப்படி இல்லை. அமுக்கிப் பிடித்தால் பதுங்கும். விரலை எடுத்தால் பாயும். அதுதான் அவன் கண்டுபிடிப்பு. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கண்காட்சியில் நாலு பேர் பார்க்க வைத்தான். காப்புரிமை வாங்கவில்லை. பின்னாலேயே ஒரு பெரிய கம்பெனி அதே வித்தைக்குக் காப்புரிமை வாங்கிக்கொண்டு, இப்போது 'எங்கள் பாய்ச்சலை நீ திருடிவிட்டாய்' என்று அவர்கள் மேலேயே வழக்குப் போட்டிருக்கிறது. கண்காட்சியில் வைத்த அந்தப் பழைய விளையாட்டைக் கோர்ட்டில் ஓட்டிக் காட்டினால் போதும்... அவர்கள் காப்புரிமை கந்தலாகிவிடும்.

நாளைக்கு ஓட்டிக் காட்ட வேண்டியவன், இப்போதுதான் ஸ்ட்ரெச்சரில் கீழே போனான்.

"கார்டுல பேரு எழுதியிருக்குமே?"

"அண்ணன் எதுலயுமே எழுத மாட்டாரு மேடம். 'எழுதி வெச்சா திருடனுக்கு வேலை மிச்சம்'பாரு. ஒரு பெட்டி நிறைய ஒரே மாதிரி கார்டு. எல்லாமே ஒரே பூனை, ஒரே கூரை. மூணாவது கூரை தாண்டினா மட்டும்தான் தெரியும். பழசா இருந்தா அங்க ஒரு சுவர்ல எங்க பேரும் கண்காட்சித் தேதியும் இருக்கும்."

"அப்போ திருடினவனும்..."

"விளையாடிப் பார்த்துத்தான் எடுத்திருக்கணும்" என்றாள் அவள்.

*

பிழை வந்தால் அதே பிழையை மறுபடி வரவழைத்துப் பார்க்க வேண்டும். அதற்காகவே கொழுந்தன் அந்த மெஷினுக்கு ஒரு பழக்கம் கற்றுக் கொடுத்திருந்தான். எந்த பட்டன் எப்போது அமுங்கியது, எப்போது விடுபட்டது, எவ்வளவு அழுத்தம்... எல்லாவற்றையும் அது நினைவில் வைத்துக்கொள்ளும். கேட்டால், அதே ஆட்டத்தை மறுபடி ஆடிக் காட்டும்.

அவள் கேட்டாள்.

பூனை ஓடியது. பதுங்கியது. பாய்ந்தது. இன்னொரு கூரை. இன்னொரு பதுங்கல். தப்பே இல்லாத ஆட்டம். அவன் ஆட்டம்.

ஓர் இடத்தில் பூனை பதுங்கியது... பதுங்கியபடியே இருந்தது.

"என்ன, நின்னு போச்சா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல. அவர் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கார். யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார்."

திரையின் மூலையில் ஒரு சின்னக் கோடு அழுத்தத்தைக் காட்டியது. அது இறங்க ஆரம்பித்தது. சட்டென்று இல்லை. தண்ணீர் வற்றுவது போல... மெல்ல... மெல்ல...

அவன் விரலை எடுக்கவில்லை. விரல் அவனை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

கோடு அடியைத் தொட்டது.

பூனை பாய்ந்தது. திசை இல்லாமல், நேரே மேலே. அதே இடத்தில் வந்து விழுந்து, உட்கார்ந்து, வாலை ஆட்டியது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசிக் கணத்தில் கூட இருக்கவில்லையே என்று அவனைப் பார்த்ததிலிருந்து உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. இப்போது பார்த்துவிட்டாள். பார்க்காமலே இருந்திருக்கலாமோ? தெரியவில்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. ஏனென்றால்...

ஆட்டம் முடியவில்லை!

பூனை மறைந்தது. முதல் கூரையில் மறுபடி தோன்றியது.

"யாரோ வேற கார்டு போட்டிருக்காங்க" என்றான் கொழுந்தன்.

பூனை விளிம்பை நோக்கி நடந்தது. நடந்து... நடந்தபடியே கீழே விழுந்தது. மறுபடி தோன்றியது. மறுபடி நடந்தே விழுந்தது. அதன் பிறகுதான் சுதாரித்துக்கொண்டு, பதுங்கிப் பாய்ந்தது. மூன்று கூரை. சுவரில் ஒன்றுமில்லை. அடுத்த கார்டு. அதற்கடுத்த கார்டு. கடைசியாக ஒன்றில் சுவர் வந்தது. பெயர்கள், தேதி. ஆட்டம் அங்கேயே அறுந்தது. பிறகு வேறொரு கார்டு; பட்டன் எதுவும் அமுங்காமல் பூனை கூரையில் நின்று வாலை ஆட்டியது.

"விளையாடத் தெரியாதவன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியாதவங்க இப்படி விழ மாட்டாங்க. நீங்க பிடிங்க."

இன்ஸ்பெக்டர் கன்ட்ரோலரைத் தயிர்ச் சட்டி மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். பட்டனை அமுக்கினார், விட்டார். பூனை நின்ற இடத்திலேயே துள்ளியது. மறுபடியும் துள்ளியது.

"எங்கேயும் போக மாட்டேங்குதே?"

"புதுசா தொடறவங்க எல்லாருக்கும் இப்படித்தான் துள்ளும். முதல்ல பட்டன், பிடிச்சுக்கிட்டே திசை, அப்புறம் விடணும். இது எங்க முறை. எதிராளி விளையாட்டுல திசைதான் முதல்ல, அப்புறம்தான் பட்டன். கேஸ் பேப்பர்ல படிச்சிருக்கேன். அந்தப் பழக்கத்தோட இங்க வந்து திசையைத் தள்ளினா..."

"பூனை நடந்து போய் விழுந்துடும்" என்று முடித்தார் இன்ஸ்பெக்டர். "அந்த விளையாட்டை மாசக்கணக்கா ஆடின விரல். உங்கள்ல யாரு?"

யாருமில்லை. அவர்களுடைய வக்கீலின் கண்டிப்பான உத்தரவு அது. எதிராளி விளையாட்டைத் தொடவே கூடாது. தொட்டால், 'பார்த்துக் காப்பியடித்தார்கள்' என்று கோர்ட்டில் மடக்கிவிடுவார்களாம்.

இன்ஸ்பெக்டரின் பார்வை கொழுந்தன் மேல் திரும்பியது. அவனும் மத்தியானம் இங்கேதான் இருந்திருக்கிறான். பங்காளிச் சண்டை பாரதத்திலிருந்தே இருக்கிறதே என்றார். அவனையும் ஆடச் சொன்னார்.

கொழுந்தன் ஆடினான். பட்டன், திசை, விடுதல். பூனை தப்பில்லாமல் பாய்ந்தது. பாய்ந்த பூனையைப் பார்த்து அவன் அழுதான்.

"மத்தியானம் வேற யார் வந்தது?"

அவளும் கொழுந்தனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

*

கொழுந்தன் போன் செய்து வக்கீல் வந்தபோது ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அவள் தலையில் கை வைத்து, "நான் இருக்கேன்மா" என்றார். அந்தக் கையின் இளஞ்சூடு அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அதுதான் பிறகு அவளை வெகுநாள் உறுத்தியது.

மத்தியானம் தான் வந்து போனதை அவர் மறைக்கவில்லை. சாட்சி சொல்லப் பயிற்சி கொடுத்தாராம். தான் கிளம்பும்போது அவன் உயிரோடுதான் இருந்தானாம். கார்டுப் பெட்டியா? தொட்டதே இல்லையாம்.

"நாளைக்கு நான் தள்ளி வைக்கச் சொல்லிக் கேக்கறேன். ஆனா கார்டு இல்லாம..." உதட்டைப் பிதுக்கினார்.

"எனக்கு இந்தக் கேஸே புரியல சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஏதோ அமுக்கறது, விடறதுங்கறாங்க. நீங்க கொஞ்சம் ஆடிக் காட்டுங்களேன்."

"எனக்கு இதெல்லாம் வராது மேடம். பேனா பிடிச்ச விரல் இது. எதிராளி விளையாட்டைக்கூடப் பேப்பர்லதான் பார்த்திருக்கேன்."

"வராட்டி விழுங்க. நானும்தான் விழுந்தேன்" என்று கூசாமல் புளுகினார் இன்ஸ்பெக்டர்.

வக்கீல் சிரித்தார். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் துடைத்து நீட்டிய கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டார். மனசுக்குள் கணக்குப் போட்டார். நன்றாக ஆடக் கூடாது. தெரியாதவன் விழுவான். ஆகவே விழ வேண்டும். அவ்வளவுதானே!



விழுந்தார்.

பூனை விளிம்பை நோக்கி நடந்து, நடந்தபடியே விழுந்தது.

"பார்த்தீங்களா, வரல" என்றார். இன்னொரு தரம். நடந்தே விழுந்தது. விழ வேண்டும் என்று மூளைக்குத் தெரிந்திருந்தது. எப்படி விழ வேண்டும் என்று விரலுக்குத் தெரியவில்லை.

அவள் எழுந்தாள்.

"அந்த விளையாட்டை எவ்வளவு நாளா ஆடறீங்க சார்?"

"எதை?"

"எங்களைத் தொடக் கூடாதுன்னு சொன்னீங்களே... அதை."

வக்கீலின் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் ஆளில்லாத வீட்டு விளக்கு மாதிரி எரிந்தது. பிறகு அணைந்தது. விரல் பழக்கமெல்லாம் சாட்சியாகாது என்றார். எந்தக் கோர்ட்டும் சிரிக்கும் என்றார்.

"சிரிக்கும்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். "கொலைகாரன் கன்ட்ரோலரைத் துடைச்சிட்டு அவர் கையில திணிச்சிருக்கான். ஆனா கார்டுகளைத் துடைக்க மறந்துட்டான். யாரோ ஒருத்தரோட ரேகை அதுல இருக்கு. இறந்தவரோடதும் இல்ல, இவங்க ரெண்டு பேரோடதும் இல்ல. உங்க ரேகையைக் கேட்டா நீங்க சட்டம் பேசுவீங்க. அதான் கேக்கல. நீங்களாவே இப்ப அழகா கொடுத்துட்டீங்க."

மூலையில் காத்திருந்த ரேகை நிபுணர் கையுறை மாட்டிக்கொண்டு கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டார். பொடி தூவினார். லென்ஸ் வழியாகப் பார்த்தார். திருடன் தொட்ட கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அதேதான் மேடம்."

வக்கீல் நாற்காலியில் சரிந்தார்.

பெரிய கம்பெனி அவருக்குத் தங்கள் சட்டப் பிரிவின் தலைமை நாற்காலியைக் காட்டியிருந்தது. அவர்கள் விளையாட்டை ஒரு நாள் சும்மா பிடித்துப் பார்த்தவர், பிறகு விட முடியாமல் தினமும் ஆடிக்கொண்டிருந்தார். கார்டை மட்டும் கேட்டு வாங்கிவிடலாம் என்றுதான் பார்த்தாராம். அவன் தரவில்லையாம். கையோடு கொண்டுவந்த விஷத்தைக் கோப்பையில் கலந்தாராம்.

"ஏன் சார்?" என்றாள் அவள். "உங்களை அவர் கூடப் பிறந்தவர் மாதிரி நம்பினார்."

வக்கீலோ, தோற்றவன் கடைசியாகத் தேடும் ஒரே ஒரு வெற்றியைத் தேடினார்.

"என்னைப் பிடிச்சுக்கோங்க. ஆனா அந்தக் கார்டு சாம்பலாயிடுச்சு. நாளைக்குக் கோர்ட்ல என்னத்தை ஓட்டிக் காட்டுவீங்க?"

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

"மூணாவது கூரைச் சுவரை நாங்க பார்த்தோம் சார்" என்றான். "இதே திரையில. கொஞ்ச நேரம் முன்னாடி."

"அது... நான் ஆடினதோட பதிவு."

"வெறும் பட்டனை வெச்சுப் பதிவு ஆடாது சார். கூரை வேணும், பூனை வேணும், விளையாட்டே வேணும். அதனால இந்த மெஷின் எந்தக் கார்டு போட்டாலும் உள்ள ஒரு நகல் எடுத்துக்கிட்டுத்தான் ஓட்டும். அப்படி ப்ரோக்ராம் எழுதச் சொன்னதே அண்ணன்தான். கார்டு போனாலும், கண்காட்சித் தேதியோட விளையாட்டு முழுசா உள்ள இருக்கு."

"அந்தப் பெட்டியில பழசு எதுன்னு தேட நாங்க இன்னைக்கு ராத்திரிதான் உக்கார்றதா இருந்தோம்" என்றாள் அவள். "நீங்களே தேடி எடுத்துப் போட்டுட்டீங்க. இந்தக் கேஸ்ல நீங்க எங்களுக்காகச் செஞ்ச ஒரே வேலை சார் அது."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

விலங்கு க்ளிக்கென்றது.

அவர்கள் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டு, அவள் மேஜைக் கடைசியில் கிடந்த தன் சொந்தக் கன்ட்ரோலரை எடுத்தாள். பட்டனை அமுக்கினாள். பூனை பதுங்கியது. அவனைப் போலவே பிடித்துக்கொண்டே இருந்தாள். விட்டால் பாய்ந்துவிடும். விடாவிட்டால் இங்கேயே இருக்கும். இத்தனை வருடம் சோதித்தும் இது அவளுக்குத் தோன்றியதே இல்லை... அவன் இந்த விளையாட்டில் கஷ்டமாக வைத்தது பாய்ச்சலை இல்லை, விடுவதை.

வெளியே தடதடவென்று சத்தம். விலங்கு மாட்டிய வக்கீல் நிமிர்ந்த தலையோடு நடந்து, முதல் படியைக் கவனிக்காமல் தடுமாறியிருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டரின் குரல் மட்டும் மேலே வந்தது.

"பார்த்து சார்... இங்க நடந்து விழுந்தா, மறுபடி மேலேர்ந்து ஆரம்பிக்க விடமாட்டாங்க."