பின்மூலை ஸ்பீக்கர்

சித்ரா அந்த வீட்டை வாங்கியதே பின்பக்கத்து அறையைப் பார்த்துவிட்டுத்தான்.

சாந்தன்பாறையைத் தாண்டி பூப்பாறை போகும் வழியில் பஸ் அவளை இறக்கிவிட்டது. அங்கிருந்து ஏலத்தோட்டத்துக்குள் ஒரு மண்பாதை இறங்கியது. பாதை முடிகிற இடத்தில் ஓட்டு வீடு ஒன்று தனியாக நின்றது. முன்பக்கம் இரண்டு அறைகளும் அடுப்படியும் இருந்தன. பின்னால் வீட்டோடு ஒட்டிய ஸ்டோர், அதாவது ஒரு காலத்தில் ஏலக்காய் உலர்த்திய அறை. கருங்கல் சுவர். ஜன்னலே கிடையாது. கதவைச் சாத்தினால் வெளியே கொட்டுகிற மழைகூடக் கேட்காது. அடுப்பு இருந்த பின்மூலையைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஏலக்காய் மணத்தது. கொஞ்ச நேரம் நின்றால் அதற்கு அடியில் பழைய புகை நாற்றமும் மெல்ல எழுந்து வந்தது.

இதுதான் தன்னுடைய தியேட்டர் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

அவள் வண்டிப்பெரியாரில் எஸ்டேட் தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். மஸ்கட்டில் நெடுங்காலம் நர்ஸாக இருந்துவிட்டு ஐம்பது வயதில் திரும்பியிருந்தாள். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணப் பேச்சு தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் கேட்பவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள். மஸ்கட்டில் வேலை முடிந்து அறைக்கு வந்தால் போனில் படம் பார்ப்பாள். ஹெட்போன் போட்டுக்கொண்டால்கூட ஒரு பக்கம்தான் கேட்கும். ஏழு வயதில் வந்த பொன்னுக்குவீங்கி அவளுடைய இடது காதை எடுத்துக்கொண்டு போயிருந்தது. நர்ஸ் என்பதால் அவளுக்கே தெரியும், செத்துப்போன நரம்பு திரும்ப உயிர்பெறாது.

கூட வேலை பார்த்த சுஹைனாவின் தம்பி அஷ்ரஃப் பாலக்காட்டில் ஸ்பீக்கர் கடை வைத்திருந்தான். அவனே சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலையேறி வந்தான். நாற்பதைத் தொட்ட, நிதானமான ஆள். அறையின் நடுவில் நின்று கையை ஒருமுறை தட்டினான். சத்தம் சுவரில் முட்டித் திரும்பி வந்தது.

பெரிய ஸ்பீக்கர் வேண்டாம் என்றான். கல் சுவருக்குள் அது இரைச்சலாகத்தான் ஆகும். தரையில் தடித்த கம்பளம், பக்கச் சுவர்களுக்குக் கனத்த திரைச்சீலை, முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் காது உயரத்தில் பக்கத்துக்கு ஒன்று, முன்மூலையில் கனத்த அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடக்கூடாது, முன்னால் தள்ளிப் போட்டால்தான் பின்னால் இருந்து வரும் சத்தம் பின்னால் இருந்து வருவதாகத் தெரியும். இதையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல, சித்ரா அவனுக்கு வலப்பக்கக் காதைக் காட்டித் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். அதைக் கவனித்துவிட்டுத்தான் அவன் கேட்டான்.

"ஏனுங்க அக்கா, அந்தக் காது கேக்காதுங்களா? அப்படின்னா முன்னாடி ரெண்டு போதுமுங்க. பின்னாடி சரவுண்டு உங்களுக்கு வீண்தான்."

"பாதி ரூம்ல உக்காந்து படம் பாக்க எனக்கு இஷ்டமில்ல தம்பி. அந்தக் காதுக்கும் சேத்தே மாட்டுங்க."

அவன் பெட்டியைப் பிரித்தான். மாட்டினான்.

மறுநாள் மத்தியானம் சோதனை. ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் மாறி மாறி ஒரு இரைச்சல் வரும், மணலைக் கொட்டுகிற மாதிரி. சித்ராவைச் சோபாவில் உட்காரவைத்துவிட்டு அஷ்ரஃப் ஆம்ப்ளிஃபயர் அருகே குனிந்திருந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எப்போதும்போல எல்லாம் வலப்பக்கத்திலிருந்தே வருவதாகப் பட்டது.

பிறகு இடப்பக்கம் ஒரு சத்தம் கேட்டது.

இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவள் மறந்து போயிருந்தாள். இருட்டில் யாரோ திடீரென்று ஒரு கதவைத் திறந்துவிட்டதுபோல இருந்தது. தோளுக்குப் பின்னால், அடுப்பு இருந்த அந்த மூலையில், விறகு மெல்ல வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"தம்பி, கேக்குது," என்றாள். கண்களில் நீர் வந்துவிட்டது. "பின்னால, இந்தப் பக்கம்."

அஷ்ரஃப் திரும்பிப் பார்த்தான். அவன் கையில் ஒரு வயர் இருந்தது.

"அந்த ஸ்பீக்கருக்கு இன்னும் வயரே குடுக்கலீங்க அக்கா," என்றான்.

நினைப்பாக இருக்கும் என்று இருவருமே சொல்லிக்கொண்டார்கள். சாயங்காலம் அவன் மலையிறங்கிப் போனான்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. மத்தியானமே மூடுபனி சரிவில் ஏறி வந்து வீட்டைச் சூழ்ந்துகொள்ளும். பேச ஆள் இல்லை. அடுத்த தோட்டத்தில் ஏலக்காய் பறிக்கிற மூக்கம்மாள் மட்டும் போகிற போக்கில் வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவாள். சித்ரா சோறு உண்டதும் ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

படத்தில் மழை பெய்தால் அவளைச் சுற்றிலும் பெய்தது. ரயில் வந்தால் ஒரு காதில் நுழைந்து மறுகாதில் வெளியேறியது. அந்த அறைக்குள் மட்டும்தான் அப்படி. கதவைத் திறந்து வெளியே வந்தால் இடது காது மறுபடியும் கல்லாகிவிடும். அவளுக்குத் தெரிந்த மருத்துவம் எதிலும் இதற்கு விளக்கம் இல்லை. யாரிடமாவது சொன்னால் போய்விடுமோ என்று பயந்து சொல்லாமலே வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் தண்ணீர் குடிப்பதற்காகப் படத்தை நிறுத்தினாள்.

ஸ்பீக்கர்கள் எல்லாம் அடங்கின.

இடப்பக்கம் மட்டும் அடங்கவில்லை. விறகு வெடித்தது. புடவை உரசியது. யாரோ உட்கார்ந்த இடத்தில் கால் மாற்றி உட்கார்ந்தார்கள்.

பிறகு, மிக மெதுவாக, ஒரு பெண் குரல்.

"தூங்கிட்டியா?"

சித்ரா வெளியே ஓடிவந்துவிட்டாள். அடுப்படியில் வந்துதான் நின்றாள். மூடுபனி ஜன்னல் கண்ணாடியில் வழிந்தது. வீடு முழுக்க ஓசையே இல்லை. அந்த ஓசையற்ற வீட்டில் இரண்டு நாள் இருந்துபார்த்தாள். மூன்றாம் நாள் கால் தானாகவே அந்தக் கதவுக்குப் போனது.

இந்த முறை அவள் பதில் சொன்னாள்.

"இல்ல. முழிச்சுத்தான் இருக்கேன்."

பின்னால் ஒரு பெருமூச்சு. ஆறுதலாக இருந்தது அது. யாரோ வெகுநேரமாகக் காத்திருந்து, கடைசியில் ஆள் வந்துவிட்ட நிம்மதி. பேர் என்ன என்று குரல் கேட்டது. சொன்னாள். அதன்பின் தினமும் மத்தியானம் படம் ஓடும், அவள் படத்தைப் பார்க்க மாட்டாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருதடவை பின்மூலை கேட்கும், "சித்ரா, தூங்கிட்டியா?" இல்லை என்பாள். வேறு பேச்சே கிடையாது. ஆனாலும் அவ்வளவு அக்கறையாக அவளை யாரும் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

குக்கர் விசில் அடித்து அடித்து அடிபிடித்த அன்றுதான் அவளுக்கு முதல் சந்தேகம் வந்தது. அவளுக்கு விசில் கேட்கவே இல்லை. அடுத்த வாரம் மூக்கம்மாள் வாசலில் நின்று கத்தியும் கேட்காமல், உள்ளே வந்து தோளைத் தொட்டாள். சித்ரா பயந்துபோய், போடிமெட்டு வழியாகத் தேனிக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தாள். இடது காது எப்போதும்போலச் செத்துத்தான் கிடந்தது. நன்றாக இருந்த வலது காது பாதிக்குமேல் போயிருந்தது. காரணம் டாக்டருக்கும் தெரியவில்லை. பெரிய சத்தம் ஏதாவது கேட்கிறீர்களா என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வந்ததும் அவள் மூக்கம்மாளிடம் அந்த ஸ்டோரைப் பற்றி விசாரித்தாள். மூக்கம்மாள் உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்றபடியே, சித்ராவின் வலது காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னாள்.

காய் உலர்த்துகிற நாட்களில் தீ சீராக எரிய வேண்டும். அதற்காக இரண்டு பெண்கள் இரவெல்லாம் அடுப்பு வாயில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி கண்ணசந்தால் இன்னொருத்தி எழுப்ப வேண்டும்.

"தூங்கிட்டியா தூங்கிட்டியான்னு மாத்தி மாத்திக் கேட்டுக்கிருவாக," என்றாள் மூக்கம்மாள். "ஒரு நா ஒருத்தி காத்து வாங்க வெளிய வந்தவ, வெளியவே தூங்கிட்டா. பொகைக் குழாய் அடைச்சு உள்ள பூரா பொகை. காலைல கதவத் தொறந்தா, உள்ள இருந்தவ அடுப்புகிட்ட உக்காந்தமானிக்கே செத்துக் கெடந்தா. அவ கேட்டுக்கிட்டேதான் இருந்திருப்பா. பதில் சொல்லத்தான் ஆளில்ல."

மறுநாள் மத்தியானம் சித்ரா ஸ்டோருக்குள் போனது விடைபெற்றுக்கொள்ளத்தான். இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட நினைத்தாள். சோபாவில் உட்கார்ந்தாள். படம் போடவில்லை.

"சித்ரா. தூங்கிட்டியா?"

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள்.

கரண்ட் போனது. ஆம்ப்ளிஃபயரின் சின்னச் சிவப்பு விளக்கும் அணைந்தது. கையை முகத்துக்கு நேரே பிடித்தாலும் தெரியாத இருட்டு. இனி ஸ்பீக்கர் எதுவும் பேச முடியாது.

"தூங்கிட்டியா?"

குரல் மூலையில் இல்லை. கிட்டே வந்திருந்தது. புகை நாற்றம் தொண்டையில் இறங்கியது. சித்ரா இடது கையை மெல்ல நீட்டி, சோபாவின் காலி இடத்தைத் தொட்டாள்.

மெத்தை அமுங்கியிருந்தது.

சூடாக இருந்தது.

அது எழுந்தது. மெத்தை மேலே வருவதைக் கை உணர்ந்தது. புடவைச் சத்தம் சோபாவுக்குப் பின்னால் போனது. இடது காதில் கேட்டது, பிறகு தலைக்கு நேர் பின்னால் கேட்டது. பின்னால் சுற்றி, அவசரமே இல்லாமல், அது வலப்பக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. அவளுக்கு மிச்சமிருந்த காதுக்கு.

மூச்சு வலது காது மடலில் பட்டது.

"தூங்காத," என்றது.

கதவை எப்படித் திறந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. மண்பாதையில் விழுந்து கிடந்தவளை மூக்கம்மாள்தான் தூக்கினாள். சொல்வது எதுவும் சித்ராவுக்குக் கேட்கவில்லை. உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து வலது காதில் கேட்பது கொஞ்சம் திரும்பி வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல.

அஷ்ரஃபுக்குச் செய்தி அனுப்பினாள். எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகச் சொன்னாள். அவன் வந்தான். காரணம் கேட்டான், அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். முன் ஸ்பீக்கர்களைக் கழற்றி வண்டியில் வைத்தான். வலப்பக்கத்துப் பின் ஸ்பீக்கரையும் வைத்தான். கடைசியாக இடப்பக்கத்து ஸ்பீக்கரைக் கழற்ற உள்ளே போனவன் வெகுநேரம் வரவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது முகம் வெளிறியிருந்தது. தேநீர் வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான். கையசைக்கக்கூட இல்லை.

ஸ்டோரைப் பூட்டினாள். ஒரு வாரம் கழித்து, பகலில், மூக்கம்மாளைத் துணைக்கு வாசலில் நிற்கவைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தாள். ஏலக்காய் மணம் இருந்தது. புகை இல்லை. இடது காது கல்லாகவே இருந்தது. எவ்வளவு நேரம் நின்றும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்குள் அவள் நடக்கிற சத்தமே அவளுக்குக் கேட்காத நாட்கள் அவை. காலையில் எழுவாள், சமைப்பாள், ஒரு தட்டைக் கழுவி வைப்பாள். மூடுபனி வரும், போகும். தூங்கினாலும் விழித்திருந்தாலும் ஒன்றுதான்.

மழை ஓய்ந்த ஒரு பிற்பகல் அஷ்ரஃப் போன் செய்தான். சத்தத்தை முழுக்கக் கூட்டி வலது காதில் அழுத்திக்கொண்டாள். அவன் சுற்றி வளைத்துப் பேசினான். தூக்கமே இல்லை என்றான். காது டாக்டரைப் பார்த்தானாம், ஒன்றும் இல்லை என்றாராம். கடையில் நாலு பேர் நிற்கும்போதுகூட, இடது தோளுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்கிறதாம்.

"அக்கா, அந்த ரூம்ல உங்களுக்கும் கேட்டுச்சுங்களா?"

சித்ரா போனை இன்னும் அழுத்திக்கொண்டாள். பிறகு, "தூங்கிட்டியான்னு கேக்குதா?" என்றாள்.

"இல்லீங்க." அவன் குரல் தாழ்ந்தது. "என்னைய ஒண்ணுமே கேக்கறதில்லீங்க. நான் இருக்கறதே அதுக்குத் தெரியலீங்க போல. உங்களைத்தான் கேக்குது. சித்ரா தூங்கிட்டாளா, சித்ரா தூங்கிட்டாளான்னு. நான் என்னங்க சொல்றது?"

பயம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. நெஞ்சில் இத்தனை நாள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று இளகி, கண்ணை மறைத்தது.

"முழிச்சிருக்கான்னு சொல்லுங்க தம்பி."

 பிறகு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் யாரிடமோ சொல்வதுபோல, அதைச் சொல்வது தேய்ந்து கேட்டது.

சித்ரா போனை வலது காதிலிருந்து எடுத்தாள். இடது காதில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் காதுக்குள் ஒருத்தி நிம்மதியாக மூச்சு விட்டாள்.